சட்டைக் கையில் தேவதாரு வாசம்

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள். புருஷன் சட்டையில் புது வாசம் அடித்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் மூக்கு விடைத்துவிடும். நான் ஆசாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டு ஆண்கள் மேல் மர வாசம் அடிப்பது சமையல்காரர் மேல் எண்ணெய் வாசம் அடிப்பது மாதிரி. அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

கவனிக்காமல் விட்டிருந்தாலாவது மனசு ஆறும். கவனித்தேன், கேட்டும் தொலைத்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். என் வீட்டுக்காரர் அழகுசுந்தரம் ஆறேழு மாதமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியே போய் இருட்டின பிறகுதான் வருவார். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் வலது கைமடிப்பில் ஒரு வாசம் இருக்கும். வெயிலில் காய்ந்த கட்டை வாசம். அதற்குள் லேசாக ஒரு இனிப்பு, சாம்பிராணி அணைந்த பிறகு மிஞ்சுகிற புகை. தேக்கு இப்படி வராது, வேம்பும் வராது.

"இது என்ன மரங்க?" என்று கேட்டேன்.

"தேவதாரு. வடக்கேருந்து வந்துருக்கு. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில கெடக்கு, அவுகளுக்குத்தான் செஞ்சு குடுக்குறேன்" என்றார்.

நம்பிவிட்டேன். மரம் என்று ஆசாரி சொன்னால் ஆசாரி பெண்டாட்டி நம்பாமல் என்ன செய்வாள்?

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மஹாலட்சுமி வீட்டுக் கல்யாணம். காலை முகூர்த்தம். அவர் தேவதாரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் மட்டும் போனேன். கல்யாண மண்டபத்துக்குப் போனாலே எனக்கு மகள் ஞாபகம் வந்துவிடும். என் ஒரே மகள் ராஜப்ரியா கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள், கூடப் படித்த செம்மலையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வெள்ளாமைக் குடும்பத்துப் பையன், எங்கள் ஆட்கள் இல்லை. சேதி வந்த அன்றைக்கு இவர் பட்டறைக்குள் போனார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற உளியை எடுத்துவந்து, கூடத்தில் நின்று, அதன்மேல் கையை வைத்தார்.

"இந்த வீட்டுல யாராச்சும் அவ வாசலை மிதிச்சா, நான் உளியத் தொட மாட்டேன். இது சத்தியம்."

எங்கள் வீடுகளில் உளிமேல் செய்த சத்தியம் சாமிமேல் செய்ததற்கும் ஒரு படி மேல். உளியைத் தொடாத ஆசாரி மூச்சு விட்டுக்கொண்டிருந்து என்ன பிரயோசனம்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்று இவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஒரு தடவை பிள்ளையார்பட்டிக் கோயில் கூட்டத்தில் அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டேன். கால் தானாக ஓடப் பார்த்தது. உளி ஞாபகம் வந்தது. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். பெற்றவள் செய்கிற காரியமா அது? செய்தேன்.

மண்டபத்தில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலைபாக்கோடு விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தது. மூடியைத் திறந்து தோலில் உருட்டிக்கொள்கிற வாசனைத் தைலம். 'பசுங்காடு' என்று பேர் ஒட்டியிருந்தது. கீழே ஒரு போன் நம்பர், கீழச்சிவல்பட்டி என்று ஊர். அங்கேயே மணிக்கட்டில் உருட்டிப் பார்த்தேன். குப்பென்று கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி மூக்கில் ஏறியது.

"என்னடி இது, ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிற தண்ணி மாதிரி இருக்கு" என்றேன்.

மஹாலட்சுமி சிரித்தாள். "கொஞ்சம் பொறுங்கக்கா. தோல்ல ஊற ஊற மாறுமாம்."

"மாறுறதுக்கு இது என்ன ஆம்பளையா" என்றேன். பந்தியில் பக்கத்து இலைக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள்.

வீடு வந்து சேர்வதற்குள் உண்மையாகவே மாறியிருந்தது. கற்பூரக் காட்டம் போய்விட்டது. இப்போதுதான் ஒடித்த பச்சைக் கிளையில் பால் கசிகிற வாசம், மழை பெய்து ஓய்ந்த சவுக்குத் தோப்புக்குள் நடந்தால் அடிக்கிற ஈர வாசம். ஊசி இலையைக் கசக்கினால் வருகிற ஒரு கசப்பும் கூட இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. புடவையை மாற்றும்போது மோந்தேன், பாத்திரம் கவிழ்க்கும்போது மோந்தேன். யார் செய்ததோ, கை மணக்கிறது என்று மனசுக்குள் பாராட்டினேன். அப்புறம் கொஞ்சம் கண் அசந்தேன்.

எழுந்து முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை வாசம் முழுக்க வற்றியிருந்தது. மணிக்கட்டில் காய்ந்த கட்டை வாசம். லேசாக இனிப்பு. அணைந்த சாம்பிராணியின் புகை.

வார்னிஷ் கறைபட்ட சட்டை என்று போன வாரத்துச் சட்டையைத் துவைக்காமல் கூடையில் தனியாகப் போட்டிருந்தேன். ஓடிப்போய் எடுத்தேன். கைமடிப்பை ஒரு தரம் மோந்தேன், என் கையை ஒரு தரம் மோந்தேன். அதே வாசம்.

மரம் இப்படி மாறாது. அறுத்த அன்றைக்குத் தேக்கு எப்படி மணக்கிறதோ, வருஷம் போனாலும் அப்படியேதான் மணக்கும், கொஞ்சம் மங்கலாக. காலையில் கற்பூரமாக இருந்து, மத்தியானம் பச்சிலையாகி, பொழுது சாயச் சாம்பிராணியாகிற மரம் எந்தக் காட்டிலும் கிடையாது. அவர் வீட்டுக்கு வருவதற்குள் முதல் இரண்டு வாசமும் கரைந்துபோய் இந்தக் கடைசி வாசம்தான் என் மூக்குக்கு மிஞ்சியிருக்கிறது. யாரோ அவர் கையைப் பிடித்துத் தைலம் தடவியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல். நான் அதை மரம் என்று நம்பி, சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்திலேயே பட்டறை. எங்களிடம் வேலை பார்க்கிற காளிராஜ் பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, திருப்பத்தூர்ப் பட்டறையில தேவதாரு வேல நடக்குதாமே?"

"தேவதாருவா? நம்ம பக்கம் அத யாருக்கா வாங்குறாக? எந்தப் பட்டறையில?"

"ஒன் போனைக் குடு" என்றேன்.

குப்பியில் இருந்த நம்பரை அழுத்தினேன். எடுக்கிறவள் யாராக இருந்தாலும் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துக் கிழிப்பது என்று வார்த்தையெல்லாம் வாயில் தயாராக இருந்தது. எடுத்தார்கள்.

"வணக்கம், பசுங்காடு. சொல்லுங்க."

என் மகள் குரல்.

"ஹலோ? சிக்னல் கெடைக்கலையா? கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நின்னு பேசுங்க."

அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரு பாப்பா?" கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சோறு கேட்கிற குரல் அது. போன் கட்டாகிவிட்டது. திட்டத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றான் காளிராஜ்.

"பேயின்னாத் தேவலையே" என்று சொல்லிவிட்டு, கட்டின புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம். வேறொருத்தி இல்லை. மனுஷன் மனசு இளகிப் பெற்ற பிள்ளையைப் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு ஊர் தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் கருகிவிட்டது. கோயம்புத்தூரா? கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டா என்னிடம் கோயம்புத்தூர் என்றார்? நான் தூணுக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்க, இவர் வாரா வாரம் மகள் வீட்டில் விருந்தாடியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டில் தோட்டத்தையே மறைத்திருக்கிறார்கள்.

கீழச்சிவல்பட்டியில் இறங்கி, தைலம் போடுகிற பிள்ளை வீடு எது என்று கேட்டேன். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டைக் காட்டி, "பின்வீதிக்குப் போங்க. பின்கட்டுலதான் வாடகைக்கு இருக்காக" என்றார்கள். பின்கட்டுக் கதவு திறந்தே இருந்தது.

உள்ளே மேஜைமேல் வரிசையாகக் குப்பிகள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை மேஜைமேல் நீட்டி வைத்திருந்தார். ராஜப்ரியா ஒரு குப்பியிலிருந்து அவர் மணிக்கட்டில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். புதுத் தைலம் மனிதத் தோலில் எப்படி மாறுகிறது என்று அவரை வைத்துத்தான் பார்க்கிறாள் போல. இதுதான் அந்தத் தேவதாரு. அதெல்லாம் அப்புறம் புரிந்தது. அப்போது என் கண்ணில் பட்டது அவர் மடி மட்டும்தான். மடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது, இரண்டு பல் முளைத்த குழந்தை. அவர் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

எனக்குப் பேத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் பார்த்தது மகள்தான். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நின்றேன். அவள் முகம் மரக்கட்டையாக இறுகியது.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?" என்றாள்.

"என்னடி பேசுற?"

"நான் செத்தாலும் எம்மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னவ இப்ப எதுக்கு வந்த?"

"நானா? யாரு சொன்னா?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குழந்தையின் தலையைப் பார்த்தார்.

"இவுகதான் சொன்னாக. 'ஒங்காத்தா உளிமேல கைய வச்சுச் சத்தியம் பண்ணிட்டா, நான் என்ன செய்வேன் பாப்பா, அவ மனசு கல்லாப் போச்சு'ன்னாக. நான் மொதல்ல நம்பல. அப்புறம் பிள்ளையார்பட்டியில என்னயப் பாத்ததும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்ச. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு மேல நம்பாம என்ன செய்ய?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தியம் பண்ணது இவுகடி" என்றேன். "நான் அந்த உளியத் தொடக்கூட இல்ல. நான் வந்தா இவுக உளியத் தொட மாட்டாகளாம். இவுக வேல போயிருமேன்னுதான் ஒளிஞ்சேன். கேளு, நீயே கேளு."

ராஜப்ரியா கேட்கவில்லை. அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

"தாமர" என்றார், தலையை நிமிர்த்தாமல். "மாப்ள பட்டறைக்கு வந்து, பிள்ள உண்டாயிருக்குன்னு சொன்னாரு. தாங்க முடியல. நான் போட்ட சத்தியத்த நானே மீறிட்டேன்னு தெரிஞ்சா நீ ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ. ஒன் வாய்க்குப் பயந்துதான் வீட்டுல சொல்லல. பாப்பாகிட்ட, நான்தான் ஒன்னய விலக்குனேன்னு சொல்ல வாய் வரல. ஏதோ அப்ப வாயில வந்தத சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல." குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "பின்கட்டு வழியாத்தான் வருவேன். வாசலை மிதிக்கல" என்றார்.

வாசலை மிதிக்கவில்லையாம். ஊர் வீட்டுக்கெல்லாம் வாசல் நிலை வைத்து மஞ்சள் பூசுகிற ஆசாரி பேசுகிற பேச்சைப் பாருங்கள். வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவையே கூட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்கு என் மகள் முகம்தான் முக்கியமாக இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த குப்பி சாய்ந்து தைலம் மேஜையில் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"பிள்ள எப்பப் பொறந்தா?" என்றேன்.

"போன தையில."

"ஒங்கூட யாரு இருந்தா?"

"அவரத் தவுத்தா இவுகதான். மாமியார் வீட்டுலயும் யாரும் வரல. சிவகங்கை ஆஸ்பத்திரி வராந்தாவுல துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தாக."

போன தையில் சிவகங்கையில் ஒரு வக்கீல் வீட்டுக் கதவு வேலை, தங்கி முடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் வெளியூரில் பசியோடு கிடப்பாரே என்று நான்தான் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினேன்.

"தூக்குல இட்லி கொண்டாந்தாக" என்றாள் ராஜப்ரியா. குரல் உடைந்துகொண்டு வந்தது. "மொளகாப்பொடிய நல்லெண்ணெயில கொழச்சுத் தடவுன இட்லி. ஒரு வா வச்சதுமே ஒன் கையின்னு தெரிஞ்சுபோச்சு. இட்லி அவிச்சுக் குடுத்துவிட மனசு வருது, ஒரு எட்டு வந்து பாக்க மனசு வரலையா, இவ எல்லாம் ஒரு பெத்தவளான்னு திட்டிக்கிட்டே தின்னேன். அப்புறம் வலி வந்துச்சு. அந்த வார்டுல அத்தன பொம்பளையும் வலி பொறுக்காம அம்மான்னுதான் கத்துனாக. நான் வாயத் தொறக்கல. ஒன்னயக் கூப்புடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேதான் இவளப் பெத்தேன்."

அவர் எழுந்து என் பக்கம் வந்தார். "திட்டு தாமர. எதையாச்சும் சொல்லித் திட்டு" என்றார். அவர் பேசியது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நான் அவரைத் தாண்டிப் போய் என் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பக் கூப்புடுடி" என்றேன்.

அவள் கூப்பிட்டாள். பின்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை மிரண்டு வீறிட்டது. அவர் தோளில் போட்டு எவ்வளவோ தட்டிப் பார்த்தார், அது அழுகையை நிறுத்தவில்லை.