ரூத்துக்கு இன்னும் இரண்டு கிளை

இரண்டாயிரமாம் ஆண்டு டிசம்பரில், ஷூ ஆர்டரைச் சரிபார்க்க அர்ஜென்டினாவிலிருந்து ஆம்பூருக்கு ரூத் வந்தார். அவர் வந்தார், அவருடைய பெட்டி வரவில்லை. துணிமணி போனால் போகட்டும், வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் யூதப் பண்டிகை தொடங்குகிறது, அதற்கு ஏற்றும் மெனோரா விளக்கு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று ஃபீபியிடம் வருத்தப்பட்டார்.

ஃபீபி அந்த ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவள். சர்ச்சில் நடக்கும் வேதாகம வினாடி வினாவில் ஐந்து வருடமாக அவளுக்குத்தான் முதல் பரிசு. மெனோரா என்றதும் யாத்திராகமத்தில் வரும் குத்துவிளக்கு அவள் கண்முன் வந்து நின்றது. ரூத்திடம் மூச்சு விடாமல், ரஃபி அகமதுவின் பட்டறைக்குப் போனாள். தோலை ஷூ அளவுக்கு வெட்டும் இரும்பு அச்சுகளைக் கையாலேயே வளைத்துச் செய்பவர் அவர்.

"இன்னா மேடம், புது மாடலா?" என்றார், அவள் வரைந்த படத்தைப் பார்த்து.

"விளக்கு, பாய். நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் மூணு மூணு கிளை. மொத்தம் ஏழு."

பித்தளைக் கம்பியைக் காய்ச்சி, குதிகால் அச்சு வளைக்கும் உருளையிலேயே வளைத்தார். முனைகளில் மெழுகுவர்த்தி நிற்கக் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்தார்.

வியாழன் மூன்று மணிக்கு ஃபீபி அதை ரூத்தின் மேசைமேல் வைத்தாள். ரூத் அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு எண்ணிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். ஏழு கிளை பழைய எருசலேம் தேவாலயத்து விளக்கு. இந்தப் பண்டிகை எட்டு நாள், அதற்கு எட்டுச் சுடர், அவற்றை ஏற்ற உயரமாக இன்னொன்று, ஆக ஒன்பது வேண்டும் என்றார். பரவாயில்லை, இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார்.

ஃபீபிக்கு முகம் சுருங்கிவிட்டது. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள்.

"இன்னும் ரெண்டு கிளை வேணும், பாய். நடுவுல இருக்கிறது உசரமா இருக்கணும்."

"ஏழுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான். எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டேன்."

ரஃபி சிரித்தார். ரம்ஜான் மாதம், காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நோன்பு தொறக்க ரெண்டு மணி நேரம் கீது. உக்காருங்க."

பித்தளைக் கம்பி தீர்ந்திருந்தது. கிடைத்த செம்புக் கம்பியில் வெளிக் கிளை இரண்டையும் வளைத்தார், நடுத்தண்டில் ஒரு துண்டைப் பற்றவைத்து உயர்த்தினார். மஞ்சள் விளக்குக்கு இருபுறமும் சிவப்புக் கை முளைத்தது.

"சூடு ஆறல, நீங்க தூக்காதீங்க. நானே எட்தாறேன்" என்று சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் அவள் பின்னால் ஏறினார்.

ரூத் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸை அடையவும் மசூதியில் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. ரஃபி வராந்தாவில் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை ரூத் தீக்குச்சியை உரசவில்லை.

ஃபீபி ஒன்பது மெழுகுவர்த்திகளை எடுத்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள். "எல்லாத்தையும் ஏத்தணுமா?"

இன்றைக்கு ஒன்றுதான், நாளுக்கு ஒன்று கூடும் என்றார் ரூத். நடுச்சுடரை ஏற்றி, அதை எடுத்து வலது ஓரத்துச் செம்புக் கிளையில் முதல் திரியைப் பற்றவைத்தார். பிறகு மெல்லிய குரலில் பாடினார். சுருதி சேரவில்லை; அவர் அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை.

ரஃபி குனிந்து, விளக்கு எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று பார்த்தார். "நேரா நிக்குது மேடம்" என்றார்.