அம்மா சொல்லாத ‘ம்’

இந்த ‘ம்’ அம்மாவுடையதுதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அம்மா சொன்னது இல்லையே என்று அக்காவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.  பக்கத்து நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த தம்பி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம். உறவினர்கள் முன்னால் போட்டுக் காட்ட ஒரு சின்னப் படம். எடுத்தவன் தம்பி. காட்சிகளை வெட்டி ஒட்டுவது அக்கா; அவள் பிழைப்பே அதுதான்.

திரையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடிக்கிறாள். “அப்பாவோட சந்தோஷமா இருந்தியாம்மா?” என்று தம்பியின் குரல். அம்மாவின் கை நின்றுவிடுகிறது. என்னவோ சொல்ல வாயெடுத்தவள், உறையின் மூலையை நீவிவிடுகிறாள். நீவிக்கொண்டே இருக்கிறாள். பிறகு, “இந்தப் பொத்தானைப் பாரு, தொங்குது” என்கிறாள்.

“டீ போடட்டுமான்னு நான் கேட்டப்போ சிரிச்சுக்கிட்டே ஒரு ‘ம்’ சொன்னாங்கல்ல? அதத் தூக்கி இங்க வச்சிடு. ஒரு எழுத்துதானேக்கா” என்றான் தம்பி.

வைத்துப் பார்த்தாள். கேள்வி, அம்மாவின் சிரிப்பு, ‘ம்’. அதை ஒட்டி, பேப்பரிலிருந்து நிமிரும் அப்பாவின் முகம். அது வேறொரு நாள், வேறொரு அறை. ஆனாலும் அம்மா அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று யாராக இருந்தாலும் சத்தியம் செய்வார்கள்.  இது நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள்; ஆனால் அதைச் சேமிக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

“பாத்தியா, உனக்கே கண்ணு கலங்குது! அந்தக் கம்பெனி படத்துல கொட்டாவி விட்ட முதலாளிய உருகி அழுத மாதிரி வெட்டி ஒட்டிக் காட்டினவ நீ. அம்மாவுக்கு மட்டும் கை வரமாட்டேங்குதாக்கும்?”

“அந்தாளு என்னைப் பெத்து வளக்கலையேடா.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் குரல் இறங்கியது. “அப்பா பாப்பாருக்கா. எல்லாரும் பக்கத்துல இருப்பாங்க. அம்மா ஒண்ணுமே சொல்லலன்னா அவரு மூஞ்சி என்ன ஆகும்?”

அதுவும் நியாயம்தான். அப்பா கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, ஆனால் எதையும் கேட்டதும் இல்லை. வீடு மாறுவதோ, அம்மா வேலையை விடுவதோ, எல்லாம் முடிவான பிறகுதான் சொல்வார். அம்மா ‘ம்’ என்பாள். அந்தத் தலையணை உறையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்தடவையாக அந்த எழுத்து வரவில்லை.

“வேணும்னா கேள்வியையே எடுத்துடறேன்.”

“அது இல்லன்னா படத்துல என்ன இருக்கு? அப்பா பேப்பர் படிக்கிறதா?” அவன் போனை எடுத்தான். “சரி, அம்மாகிட்டயே கேட்டுடலாம். வச்சிக்கட்டுமான்னு. அவங்களே சரின்னுட்டா உனக்கென்ன?”

அவள் அவன் கையைப் பற்றி மெல்லக் கீழே இறக்கினாள்.

“கேட்டா ‘ம்’னுதான்டா சொல்லுவாங்க.”

“அப்புறம் என்னக்கா?”

அவள் கையை விடவில்லை. “அந்த ஒரு தடவைதான் அவங்க அதச் சொல்லாம இருந்தாங்க. நான் வைக்கமாட்டேன்டா” என்றாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதைப் போல.