ஜப்பான் பெட்டிக்கு நான் வைத்த பொட்டு

ஜப்பானிலிருந்து ஒரு பழைய சிந்தசைசர் வரவழைக்கப் போகிறேன் என்று என் நாத்தனார் அமலா சொன்னபோது, லேக் மார்க்கெட்டில் எங்கள் கடையில் அப்பளக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்ததே கோபம்.

"ஏன், இந்தக் கல்கத்தாவுல கடையே இல்லையா?"

"இருக்கு மதினி. அங்க விக்கிற வெலைக்கு இங்க டபுளாக் கேக்கான்."

"அதுக்காக? முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட போயி, அதுவும் பழசு, வாங்குவாகளா?"

அவள் சிரித்தாள். அவளுக்கு முப்பது வயது. நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை. அதுபோக ஒரு பெங்காலி இசைக் குழுவில் வாசிக்கிறாள். சிந்தசைசர் பார்ப்பதற்குக் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் சத்தத்தையே நாம் உண்டாக்கிக்கொள்ளலாமாம். மேலே வரிசையாகப் பதினாறு குமிழ்கள். ஒவ்வொன்றும் ஒரு நீளச் சந்துக்குள் ஏறி இறங்கும். ஏற்றினால் ஒரு சத்தம், இறக்கினால் இன்னொன்று.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வாங்கிய விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். விற்கிறவனிடம் படம் கேட்டாள். ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டி வீடியோ அனுப்பச் சொன்னாள். நம் ஊர்க் கரண்டைத் தாங்குமா, எந்த அடாப்டர் போட வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தாள். என் வீட்டுக்காரர் பெத்துராஜ் ஒரு யோசனை சொன்னார்: "நம்ம பெரியம்மா மவன் அசோக்கு சிங்கப்பூர்லருந்து வாரான்லா? அவனுக்கு அனுப்பச் சொல்லு. துணிக்குள்ள சுத்திக் கொண்டாந்துருவான். வரியும் கிடையாது."

"வேண்டாண்ணே. ஒளிச்சுக் கொண்டாந்தா வாசிக்கும்போதெல்லாம் திக்கு திக்குன்னு இருக்கும்."

வரியைக் கட்டி, காகிதமெல்லாம் கொடுத்து, நேர் வழியிலேயே வரவழைத்தாள். அப்படியும் இங்கே கேட்ட விலைக்கு ரொம்பக் கீழேதான் வந்தது. வியாபாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று திரிகிறவள் நான். அன்றைக்கு மனதுக்குள் கைதட்டினேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

நவமி வந்தது. ஊருக்கு துர்கா பூஜை, எங்களுக்கு ஆயுத பூஜை. அன்று சாயங்காலம் டாக்குரியா பூஜைப் பந்தலில் அமலாவின் குழு வாசிக்கிறது. அவளே கட்டிய பாட்டு முதல் தடவையாக மேடை ஏறுகிறது. அந்தப் பெட்டியின் சத்தத்தை வைத்தே கட்டிய பாட்டு.

"ஒரு பூ வச்சாப் போதும் மதினி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். பூ வைத்தால் எனக்கு மனசு ஆறுமா? தராசு, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, கடல் தாண்டி வந்ததை மொட்டையாக விடுவேனா? சந்தனத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் குழைத்து, பதினாறு குமிழுக்கும் பதினாறு பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது.

பூஜை முடிந்து, மத்தியானம் அமலா பொட்டுகளையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். நாலு குமிழ்கள் அசையவே இல்லை. மற்றவற்றைத் தொட்டால் கரகரவென்று இரைச்சல். தெரிந்த ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். இங்கே வாங்காத சரக்கு, கைவைக்க மாட்டேன் என்று வைத்துவிட்டார். குழுத் தலைவன் சைதன்யாவோ, வாடகைக் கீபோர்டு இருக்கிறது, அதில் வேறு பாட்டு வாசித்துக்கொள்ளலாம் என்றான்.

நான் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கே சொன்னேனா இல்லையாட்டி? வீணாப்போனத ஒன் தலையில கட்டிட்டான் அந்த ஜப்பான்காரன்! பக்கத்துக் கடையில வாங்கிருந்தா இப்பப் போயிச் சட்டையப் பிடிக்கலாம்லா?"

அவள் பென்சிலை எடுத்தாள். பேப்பரில் பெட்டியின் படத்தை வரைந்தாள். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படத்தில் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டினாள். என் வாய் ஓயவே இல்லை. மூடியைத் தூக்கினாள். குமிழ் ஓடுகிற சந்துகளுக்குள் மஞ்சளாக, காய்ந்து, அப்பிக் கிடந்தது. அறை முழுக்கச் சந்தன வாசனை.

"மதினி, இது ஜப்பான் அழுக்கு இல்ல."

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "டார்ச்சப் பிடிங்க" என்றாள், அவ்வளவுதான். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு சந்தாகத் துடைத்தாள். இரண்டு மணி நேரம். நான் டார்ச்சைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். கடைசியில் பதினாறும் வெண்ணெயாக ஓடின.

பந்தலுக்குப் போனால் மேடையில் வாடகைக் கீபோர்டு ஏற்கெனவே நிற்கிறது. சைதன்யா வங்காளத்தில் சொன்னான்: "பாட்டு நடுவுல நின்னுபோச்சுன்னா? மலிவா இருக்குன்னு வெளிநாட்டுலருந்து பழசு வாங்கினா இப்படித்தான் அமலா. இன்னைக்கு வேண்டாம்."

"உள்ள தூசி இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றாள் அமலா. என் பேரைச் சொல்லவே இல்லை. அவன் தலையாட்டி மறுத்தான். அவள் முகம் சுண்டிப்போனது. ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

அதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று இந்த ஜென்மத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். விறுவிறுவென்று மேடை ஏறினேன். எனக்குத் தெரிந்த சந்தை வங்காளத்தில் கத்தினேன்.

"தூசியும் இல்ல, மண்ணும் இல்ல! சந்தனம்! நான் அப்பினது! அவ வாங்குனதுல ஒரு குத்தமும் கிடையாது. அவள மாதிரிப் பாத்து வாங்க ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளே பிரிச்சா, அவளே மாட்டுனா. ஒரு திருகாணி மிச்சமில்ல. நின்னுபோச்சுன்னா நாளைக்கு எங் கடை வாசல்ல வந்து என்னை ஏசு. இன்னைக்கு அவ வாசிக்கட்டும்!"

பந்தலே என்னைப் பார்த்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. சைதன்யா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "சந்தனமா பௌதி?" என்றான், அண்ணி என்று முறை வைத்து. பிறகு அவனே வாடகைக் கீபோர்டைத் தூக்கிக் கீழே வைத்தான்.

அமலா ப்ளக்கைச் சொருகினாள். ஒரு கட்டையை அழுத்தியபடியே குமிழை மெல்ல மேலே தள்ளினாள். கரகரப்பு ஒரு பொட்டு இல்லை. சத்தம் எழும்பி எழும்பிப் பந்தல் முழுக்க நிறைந்தது. இப்படி ஒன்றை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெங்காலி அம்மாவிடம், "என் நாத்தனார்" என்றேன். அந்த அம்மா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.