வசிக்கவில்லை

பழைய பேட்டரியை உடைக்கப் பெரிய பலம் ஒன்றும் வேண்டியதில்லை. மூடியின் ஓரத்தில் கோடரியால் இரண்டு வெட்டு. பிறகு தலைகீழாகக் கவிழ்த்தால் அமிலம் சிமெண்டுக் கால்வாயில் ஓடிவிடும். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைக் கையால் உருவி ஒரு பக்கமும், பிளாஸ்டிக் கூட்டை இன்னொரு பக்கமும் போட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பதினோரு பேர் குந்தி உட்கார்ந்து இதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தபோதும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாகத் தெரிந்தவனை நெட்டை என்று கூப்பிட்டார்கள்.

நெட்டை மூன்றாவது வெட்டுக்குக் கோடரியை ஓங்கினான். மணிக்கட்டு துவண்டது. கோடரி நழுவி பக்கத்து ஆளின் முழங்காலுக்கு அருகே விழுந்தது.

"யோவ், என் காலையும் உடைச்சு ஈயம் எடுக்கப் பாக்கறியா?" என்றான் பக்கத்து ஆள். இரண்டு பேர் சிரித்தார்கள். நெட்டையும் சிரித்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்து நீவிக்கொண்டான். அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. காலையில் சட்டைப் பொத்தான் போடவே கை மக்கர் பண்ணியது. வயிறும் அடிக்கடி முறுக்கிப் பிடித்தது.

ஆணியில் மாட்டியிருந்த சட்டைக்குள் போன் அடித்தது. ஊரில் எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருப்பவர்.

"தம்பி, தையக்கடை பேசறேன். ஆலை மேல போட்ட தண்ணி கேசு தீர்ப்பாயிடுச்சு. வர்ற புதன்கிழமை வீடு வீடா பேரு எழுத வர்றாங்க. பேரு ஏறினா பெரியாஸ்பத்திரியில வைத்தியம், வேற எடத்துல வீடு."

"நான் இங்கல்ல கெடக்கேன்."

"அதான் வாங்கன்னு சொல்றேன். வீட்டுல ஆள் இருந்தாத்தான் எழுதுவாங்களாம்."

ஊருக்குப் பக்கத்தில் சாயப்பொடி ஆலை வந்த மூன்றாம் வருடம் கிணற்றுத் தண்ணீர் காமாலைக்காரன் கண்போல மஞ்சளாயிற்று. விதைத்தது முளைக்கவில்லை. பாத்திரம் தேய்த்த மனைவியின் விரலிடுக்கில் வந்த புண் ஆறவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் இந்த ஷெட்டுக்கு வந்தான். மனைவி ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்த இன்னொரு நகரத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். மகள் மூன்றாவது ஓர் ஊரில் நர்ஸ் படிப்பு. வருடத்துக்கு ஒருமுறை, மகளின் விடுதி வாசலில் பார்வையாளர்களுக்காகப் போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில்தான் மூன்று பேரும் ஒரு குடும்பமாக உட்கார்ந்தார்கள்.

லீவு கேட்டபோது சூப்பர்வைசர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மூணு நாள். நாலாவது நாள் வந்தன்னா உன் எடத்துல வேற ஆளு குந்தியிருப்பான்."

செவ்வாய்க்கிழமை மதியம் ஊர் போய்ச் சேர்ந்தான். தெருவில் பதினேழு வீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. அடிகுழாயில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அவன் வீட்டுப் பூட்டு சாவிக்கு அசையவில்லை. தையல்காரர் மிஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியோடு வந்து இரண்டு சொட்டு விட்டார்.

"இங்க பாருங்க தம்பி, உள்ள போய்க் கூட்டறதெல்லாம் அப்புறம். மொதல்ல கொடியில ரெண்டு துணியத் தொங்க விடுங்க. குடித்தனம்னா ஈரத்துணி தெரியணும்."

"எங்கிட்ட ஒரு சட்டைதான் இருக்கு. அதையும் போட்டுக்கிட்டிருக்கேன்."

தையல்காரர் கடைக்குப் போய் ஒரு பச்சை ரவிக்கையும் ஒரு சின்னப் பாவாடையும் கொண்டுவந்தார். "தைக்கக் குடுத்துட்டு ஊரை விட்டே போயிட்டாங்க. அளவு சரியா இருக்கான்னு அதிகாரி வந்து போட்டா பாக்கப் போறாரு?" என்றபடி தன் வீட்டுக் கேன் தண்ணீரில் கொஞ்சம் தெளித்துக் கொடியில் போட்டார். நெட்டை வாய்விட்டுச் சிரித்தான். தையல்காரர் போன பிறகு, யாருடையதென்று தெரியாத அந்தப் பாவாடை காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றான்.

இரவு மனைவி போன் செய்தாள். அந்த வீட்டில் அவள் எப்போதும் கிசுகிசுத்துத்தான் பேசுவாள்.

"எங்க படுத்திருக்கீங்க?"

"கூடத்துல. ஜன்னலோரமா."

"அது என் எடம்."

"நீ வா. நான் நகந்துக்கறேன்."

அங்கே படுக்கையருகே வைத்திருந்த மணி அடித்தது. "அம்மா கூப்பிடறாங்க. வெச்சிடறேன்" என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். வெயிலில் வந்த களைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுல எத்தனை பேருங்க ஐயா?"

"மூணு பேரும்மா."

"மத்தவங்க?"

"வீட்டுக்காரி வேலைக்கு. பொண்ணு படிக்க."

அவள் எழுந்து சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். போனில் எதையோ தட்டினாள். "நாலு வருஷமா ஒரு யூனிட்டு கூட ஓடலையே."

நெட்டை கொடியைப் பார்த்தான். தையல்காரர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை.

"ஐயா, இருக்கீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. இதுல ரெண்டே கட்டம்தான். 'வசிக்கிறார்', 'வசிக்கவில்லை.'"

"தண்ணி கெட்டதாலதாம்மா போனோம். இருந்திருந்தா..."

"புரியுதுங்க. ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே."

அவள் விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். "ஸ்கூல்ல ரத்தம் எடுக்கறாங்க. போய்க் குடுத்துட்டுப் போங்க. ஆலை வெஷம் ரத்தத்துல இருந்துச்சுன்னா, வசிக்கலைன்னாலும் மேல எழுதிக் கேக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தான். அன்று மாலை வண்டியிலேயே திரும்பி, மூன்று நாள் கெடு தவறாமல் ஷெட்டில் போய் உட்கார்ந்தான். விஷம் இருக்க வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்ள முடியும் என்பது அந்த நாட்களில்தான் அவனுக்குத் தெரிந்தது.

இருபது நாள் கழித்துத் தையல்காரர் போன் செய்தார். காகிதம் அவர் விலாசத்துக்கு வந்திருந்தது. "படிக்கறேன் கேளுங்க. ஆலை வெஷம்னு போட்ட எடத்துல 'அளவுக்குள்'னு இருக்கு. நாலு வருஷமா அந்தத் தண்ணி குடிக்கலையில்ல, ஒடம்புல கொறஞ்சிடுச்சாம். அதுக்குக் கீழ ஈயம்னு ஒண்ணு. அதுதான் செகப்புல இருக்கு தம்பி. இருக்கலாங்கற அளவைப்போல நாலு பங்கு. பக்கத்துல ஒரு சீல் குத்தியிருக்காங்க. 'இவ்வழக்கிற்குத் தொடர்பற்றது.'"

"அப்ப பேரு?"

"வரலை தம்பி."

"உங்களுக்கு?"

"எனக்கு வந்திருச்சு" என்றார், ஏதோ திருடியதை ஒப்புக்கொள்பவர் போல.

அவர் போனில் அனுப்பிய காகிதத்தின் படத்தை மகளுக்கு அனுப்பினான். மகள் உடனே பேசினாள். "அப்பா, கை துவளுது, வயித்த முறுக்குதுன்னீங்களே, எல்லாம் அந்தப் பேட்டரி ஈயந்தான். கோடரியத் தொடாதீங்க. அங்க குழாய்த் தண்ணியும் குடிக்காதீங்க, ஈயம் கலந்தா இனிக்கும். முதலாளிகிட்டக் கேளுங்க. வைத்தியம் அவங்கதான்பா பாக்கணும்."

சூப்பர்வைசர் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார்.

"இது எங்க எடுத்த ரத்தம்?"

"ஊர்லங்க."

"அப்ப ஊர் வெஷம்."

"இல்லீங்க, ஊர் வெஷம் இல்லைன்னுதான் அதுல எழுதியிருக்கு."

அவர் போனோடு முதலாளியின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தலைகள் அசைவது தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது நெட்டைக்கு.

"இவ்வளவு ஈயம் ஏறின ஆளை வேலையில வெச்சிருந்தா சட்டப்படி குத்தமாம்பா. நாளையிலருந்து வராத."

"வைத்தியம்..."

"இங்க ஏறினதுன்னு நீ காட்டணும். இங்க வேலை பாத்தேன்னு காட்டணும். உன் பேரு எந்த நோட்டுல இருக்கு, சொல்லு?"

நெட்டை யோசித்தான். நான்கு வருடத்தில் அவன் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. நெட்டை என்று கூப்பிட்டால் எழுந்து வந்ததுதான்.

எட்டுப் பேர் தங்கும் அறையில் பகலில் அவன் மட்டும் இருந்தான். பையில் வைக்க அதிகம் ஒன்றும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"இங்க வாங்கன்னு சொல்ல முடியலையேங்க. எனக்கே கட்டிலுக்குக் கீழதான் படுக்கை."

"தெரியும்."

"ஊருக்குப் போறீங்களா?"

"போய் எதைக் குடிக்கறது?"

அவள் அழுவது கேட்டது. சத்தம் வராமல் அழ அவள் பழகியிருந்தாள். அவன் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. மணி அடிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்கென்று கொடுத்திருந்த கையுறையைத் திருப்பிக் கொடுக்க ஷெட்டுக்குப் போனான். அவன் இடத்தில் ஏற்கெனவே ஒருவன் குந்தியிருந்தான். முப்பது வயது இருக்கும். வெட்டுக்கு வெட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கையுறையை நீட்டியதும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

"எந்த ஊருப்பா?"

"கடலோரம்ணே. வயலுக்குள்ள கடல் வந்திருச்சு. பொண்டாட்டி புள்ளைங்களோட போன வாரந்தான் வந்தோம்."

பேசிக்கொண்டே அவன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தான். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தான்.

"அதைக் குடிக்காதப்பா. கேட்டுக்கு வெளிய லாரித் தண்ணி வரும்."

"கேட்டேண்ணே. தெருக்காரங்களுக்கு மட்டும்தானாம்." அவன் சிரித்தான். "இதுக்கு என்ன குறைச்சல்? ஊர்ல உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. இது இனிக்குதுண்ணே."

நெட்டை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். புது ஆள் அவசரமாக ஒரு வெள்ளை கேனைக் குழாயடியில் வைத்தான். அது வழிய நிறைந்ததும் மூடியை இறுக்கித் திருகினான். சாயங்காலம் பிள்ளைகளுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லி, சூடேறாமல் இருப்பதற்காக அதை ஈயத் தகட்டுக் குவியலின் நிழலில் கொண்டுபோய் வைத்தான்.