இரண்டு பொட்டலம்

எங்கள் கம்பெனிக்காரனைப் போல நல்லவன் உலகத்தில் கிடையாது. அவன் ஒருத்தரையும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. துரத்துகிற வேலையை எங்கள் வீட்டாரிடமே விட்டுவிட்டான்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நாங்கள் செய்கிற ரப்பர் பாகங்களை வெளிநாட்டுக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டானாம். ஹெச்.ஆர். சரவணகுமார் எங்களைக் கேன்டீனில் கூட்டிவைத்துச் சொன்னார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால், திங்கட்கிழமைக்குள் ஒருத்தர் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே வேலை கிடையாது. யார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்று சிரித்தார். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக்கூடாது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் புருஷன் பெண்டாட்டிகள்தான். நானும் என் வீட்டுக்காரர் அன்புசெல்வனும் அப்படியே. நான் செக்கிங்கில் பர்மனென்ட், அவர் லோடிங்கில் கான்ட்ராக்ட். இதில் பேச என்ன இருக்கிறது? கான்ட்ராக்ட் ஆளை நாளைக்கே நிறுத்தினாலும் கேட்க நாதியில்லை. ஆனால் மாமியார் கங்கம்மா, ஆம்பிளை வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி சம்பாதித்தால் ஊர் சிரிக்கும் என்றார். வயலில் இருந்த நெல்லும் மழையில் முளைத்துப்போச்சு, என் வேலையும் போனால் ஊரா சோறு போடும் என்று கேட்டேன்.

கடைசியில் அவரே, கங்கையம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். எங்கள் பக்கம் பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை அப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அவர் வேலைக்குப் போவார், சிவப்பு வந்தால் நான். ஆத்தா சொன்னால் மறுபேச்சு பேசமாட்டேன் என்று சூடத்தின் மேல் சத்தியம் செய்தேன். பொட்டலம் கட்டியவர் அவர்தான். கட்டின புருஷனைப் போய் யாராவது சோதிப்பார்களா?

எங்கள் மகள் இளமதி ஒன்றை எடுத்தாள். மாமியார் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. சத்தியம் செய்தவளாச்சே, சரி என்றேன். வேலைதான் போய்விட்டது, ஆத்தா பூவையாவது தலையில் வைத்துக்கொள்வோம் என்று மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தேன். அவர் அவசரமாகக் கையை நீட்டி, அதைக் குளத்தில் போட்டுவிடலாம் என்றார். நான் அதற்குள் பிரித்துவிட்டேன்.

அதிலும் நந்தியாவட்டை.

"எனுக்கு பயமா இருந்துச்சி நர்மதா" என்றார்.

"எனுக்கு மட்டும் இல்லியா?"

மாமியார் என்னைத்தான் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் பிள்ளையை முறைத்தார்.

"ஆத்தாகிட்டயே டகால்டி வேலயா? அவதான் வேலைக்குப் போவா. நீ எழுதிக் குடுத்துட்டு வாடா."

நியாயம் பார்த்துச் சொல்லவில்லை, அம்மனுக்குப் பயந்து சொன்னார். எதற்காகவோ சொல்லட்டும், என் வேலை பிழைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ் வந்தது. முன்பக்கம் பெண்கள் சீட். அங்கே உட்கார இடம் பிடிக்கத் துப்பட்டாவைப் போட்டுத் தினமும் சண்டை போடுவோம். ஏறிப் பார்த்தேன். பின்பக்கம் ஆம்பிளைகள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்பக்கம் நான் ஒருத்திதான். அத்தனை வீட்டிலும் வெள்ளைப் பூதான் வந்திருக்கிறது.