தூக்கிவிட மூன்று நொடி

...ஆமாம் என்று போட்டாலும் வம்பு, வேண்டாம் என்று போட்டாலும் வம்பு, ஐந்து பேர் இருக்கிற குழுவில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றுபோய்க் கடைசி ஓட்டு தன் கைக்கு வந்து சேரும் என்று குமரேசன் எதிர்பார்க்கவே இல்லை, ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது, நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக அவனுடைய ஒரு வார்த்தைக்காக நான்கு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் எதற்கு, போனில் ஆடும் குகை ஆட்டத்தில் அடி மீட்டர் இருக்கலாமா கூடாதா என்பதற்கு. விழுப்புரத்தில் ரயில் நகரும்போதே சாதிக் பாட்சா கோட்டக்குப்பத்திலிருந்து கூப்பிட்டுவிட்டான், அண்ணே, திண்டிவனத்துல எறங்கறதுக்குள்ள ஒரு முடிவைப் போட்டுடுங்க, ஏழு மணி ஆட்டத்துக்குள்ள தெரியணும், பேஜாரு பண்ணாதீங்க. சரிப்பா என்றான். ஜன்னலோர இடம், நல்ல காற்று, மடியில் சாப்பாட்டுப் பை, இந்த நாற்பது நிமிஷம்தான் ஒரு நாளில் அவனுக்கே அவனுக்கு என்று இருப்பது, அதில் போய் இப்படி ஒரு தலைவலி... தலைவலி என்றும் சொல்ல முடியாது, உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

ஆட்டம் என்னவோ எளிமையானதுதான், ஐந்து பேர் குகைக்குள் போய் ஒரு ராட்சதனை அடித்துச் சாய்க்க வேண்டும், ராட்சதன் திருப்பி அடித்தால் நம்மில் யாராவது விழுவார்கள், விழுந்தவர் பக்கத்தில் போய் மூன்று நொடி கையை வைத்துக்கொண்டு நின்றால் எழுந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆட்டம் முடியும்வரை படுத்தே கிடக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் அப்படியே ஆடினார்கள், ஜெயித்தால் ஜெயித்தோம், தோற்றால் சாதிக்கின் நெட்தான் காரணம். போன மாதம் ராஜ்குமார்தான் அதைக் கெடுத்தான், ஜிம் மாஸ்டர், மூச்சு விடுவதைக்கூட எண்ணிக்கொண்டு விடுகிறவன், ஆட்டத்தில் அடி மீட்டர் என்று புதுசாக ஒரு வசதி வந்திருக்கிறது, யார் எவ்வளவு அடித்தார்கள் என்று கோடு கோடாகக் காட்டும் என்று போட்டுவிட்டான். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் திரையில் ஐந்து கோடுகள், ராஜ்குமாருடையது தண்டவாளம் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கடைசியில் எறும்பு இழுத்துப்போகிற அரிசி மாதிரி ஒரு துணுக்கு, இது யாருடையது என்று குமரேசனே கேட்டுத் தொலைத்தான். உங்களுதுதாண்ணே, என்றான் ராஜ்குமார், மரியாதையாகத்தான் சொன்னான்.

முண்டியம்பாக்கம் தாண்டும்போது கரும்பாலை வாசனை பெட்டி முழுக்க நிறைந்தது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள், குமரேசனுக்கு இந்த வாசனை பிடிக்கும், யாரிடமும் சொல்வதில்லை. மீட்டரைக் குறை சொல்ல அவனுக்கு என்ன தகுதி இருக்கிறது, விற்பனைக்கூடத்தில் நாள் முழுக்க அவன் பிழைப்பே மீட்டர்தானே, விவசாயிகள் கொண்டுவரும் மூட்டையிலிருந்து ஒரு கை நிலக்கடலை, இந்தப் பக்கத்தில் மல்லாட்டை, எடுத்து, உடைத்து, ஈரப்பதம் பார்க்கிற மிஷினில் போட்டு, எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இன்று மதியம் மிஷின் மக்கர் செய்தது. மூட்டையோடு வந்திருந்த அனந்தபுரத்து விவசாயி பாண்டுரங்கன் சிரித்துவிட்டார், ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி அவன் காதோரம் குலுக்கினார். கேளு சார், நல்லாக் காஞ்சி கலகலங்குது பாரு, ஒம் மிஷினுக்குக் காது இருந்தா அதுவும் இதைத்தான் சொல்லும். மிஷின் சொல்றதைத்தாங்க நான் எழுத முடியும் என்றான். அப்ப மிஷினையே சம்பளம் வாங்கிக்கினு போகச் சொல்லேன், நீ எதுக்கு நடுவுல. சுற்றி நின்ற வியாபாரிகள் சிரித்தார்கள், குமரேசனும் சிரித்தான், கேட்டது நியாயமான கேள்விதான்... அவர் போனபிறகு யாரும் பார்க்காதபோது இன்னொரு பிடியை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தான், ஒன்றும் புரியவில்லை, எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

சரி, மீட்டர் வந்தது, துணுக்கு வந்தது, அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தன் சிநேகிதன் ஒருத்தனைச் சேர்த்துக்கொள்ளலாம், மீட்டரில் யார் கடைசியோ அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று ராஜ்குமார் சொன்னதும்தான் குமரேசன் அந்தத் துணுக்கை மறுபடி எடுத்துப் பார்த்தான். வேடிக்கைதான், சர்வீசில் மூன்று முறை புரமோஷன் கைநழுவிப்போனபோது ஒரு டீயோடு சமாதானமானவன், இந்தக் குகையிலிருந்து வெளியே போகச் சொன்னால் தாங்கமாட்டேன் என்று நினைத்தான். யோசித்துப் பார்த்தான். தன் கோடு ஏன் சின்னதாக இருக்கிறது? யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிற கெட்ட பழக்கம், அந்த மூன்று நொடி ஒரு அடிகூட அடிக்க முடியாது, தூக்கியதற்கு மீட்டரில் கோடும் இல்லை. நிறுத்தினான். யாருக்கும் சொல்லாமல், மிட்டாயை நிறுத்துகிற சர்க்கரை நோயாளி மாதிரி நைசாக நிறுத்தினான். ஒரே வாரத்தில் துணுக்கு விரலானது, விரல் முழம் ஆனது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஜ்குமாருக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடம்.

இரண்டாவது இடம்... பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை. திரையை அப்படியே படம் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான், மனைவி இளவரசி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள், கோட்டைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தான். பின்னாடி யாரு படுத்துக்கினு இருக்கிறது, என்றாள். அது கலைப்பிரியா, வானூர்ல லேப்ல இருக்குதே அந்தப் பொண்ணு. தூங்குதா? இல்லடி, ஆட்டத்துல விழுந்துடுச்சி, யாராச்சும் தூக்கிவிட்டா எழுந்துக்கும். நீங்க தூக்கலியா? தோசை தீயுது பார் என்றான் அவன், தீயவில்லை, அவள் திருப்பிப் போட்டுவிட்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு அது அத்தோடு முடிந்துபோயிற்று. இவனுக்குத்தான் மூன்று நாளாக முடியவில்லை.

பேரணியில் ரயில் காரணமில்லாமல் நின்றது. போனை எடுத்தான். மீட்டர் இருக்கட்டும் என்று ராஜ்குமாரும் பேக்கரி பிரான்சிஸும், வேண்டாம் என்று சாதிக்கும் கலைப்பிரியாவும். இருக்கட்டும் என்று போட்டால் ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா வெளியே, இப்போது கடைசிக் கோடு அவளுடையதுதான், பாதி நேரம் தரையில் கிடக்கிறவளுக்குக் கோடு எங்கிருந்து வரும்? மீதி நேரம் அவள் என்ன செய்கிறாள்... வேண்டாம் என்று போட்டால் இரண்டாவது இடம் போச்சு, வாழ்க்கையில் வந்த ஒரே இரண்டாவது இடம், வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மீட்டரையே கழற்று என்றால் எந்த மனுஷனுக்கு மனசு வரும்? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்துக்கொண்டு அப்புறம் கழற்றலாமா, அவளுக்குப் பதிலாக நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் என்ன, சொன்னால் பெரிய மனுஷன் ஆகிவிடலாம், ஆனால் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பியது, அந்தக் குலுக்கலில்தான் விரல் பட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், வேண்டாம் என்பதில் பட்டிருந்தது.

மயிலம் வருவதற்குள் குழுவில் சத்தம். சாதிக் மூன்று கைதட்டல் போட்டான். ஆட்டம்னா கணக்கு வேணும்ணே, சரி விடுங்க, ஞாயித்துக்கிழமை நாமளே அஞ்சு பேரு, என்று ராஜ்குமார் குரல் பதிவு அனுப்பினான், கோபமில்லை, பின்னால் எவனோ எடை தூக்கி முக்குகிற சத்தம். அப்பாடா என்று குமரேசன் சாய்ந்து உட்கார்ந்தபோது தனியாக ஒரு செய்தி வந்தது, கலைப்பிரியாதான். ஏண்ணே, நீங்கதான் ரெண்டாவது வந்துக்கினு இருந்தீங்களே, நீங்க எதுக்கு வேணாம்னு போட்டீங்க? நான் கடைசின்னு பாவம் பார்த்தீங்களா? குமரேசனுக்கு முதலில் தோன்றியது, பரவாயில்லை, நான் இரண்டாவது வந்ததை ஒருத்தியாவது கவனித்திருக்கிறாள் என்பதுதான், வெட்கங்கெட்ட மனசு. அப்புறம் பதில் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான், உன்னைத் தூக்காம விட்டுட்டேன்மா என்று எழுதி அதையும் அழித்தான்.

அந்தப் படத்தையாவது அழித்துவிடலாம் என்று எடுத்தான். விரலால் பெரிதாக்கினான், தன் நீளமான பச்சைக் கோடு, அதற்குக் கீழே வாளை ஓங்கியபடி அவன், பின்னால் அவள். இதுவரை பார்க்காத ஒன்று அப்போது கண்ணில் பட்டது, அவள் விழுந்து கிடப்பது ராட்சதன் பக்கத்தில் அல்ல, குமரேசனுக்கு இரண்டடி பின்னால், கை அவன் பக்கம் நீட்டியபடி. அதற்குச் சற்று முன்னால் தானும் ஒரு முறை விழுந்தது ஞாபகம் வந்தது, விழுந்ததும் உடனே எழுந்துவிட்டோமே, தானாகவா எழுந்தோம்? மூன்று நொடி பக்கத்தில் நின்றது இவள்தானே? செவ்வாய்க்கிழமை ஒருமுறை, திங்கட்கிழமை... இரண்டா, மூன்றா, அதற்கு முந்தைய வாரம்... விரல் மடக்கி எண்ணிப் பார்த்தான், வரவில்லை, எண்ணிக்கை பிடிபடவே இல்லை, நாள் முழுக்க எண்களைச் சத்தமாகப் படிக்கிறவனுக்கு. திண்டிவனம் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்தார்கள், ஜல்தி எறங்குங்க சார், வழியில நின்னுக்கினு போனைப் பாக்கறீங்க என்று பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினார்கள், அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான், படம் இன்னும் கையில்தான் இருந்தது, ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது, அழிப்பதா வேண்டாமா, என்ன இருந்தாலும் இரண்டாவது இடம் இல்லையா...