கை பட்ட நெல்

பாலிகைச் சட்டி ஐந்திலும் ஒரு முளைகூடக் கிளம்பவில்லை. மண்ணின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்தான் படர்ந்திருந்தது. கோகிலாவின் கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள்.

"எவ கை பட்டுச்சு?" என்று கூடத்தில் நின்று கத்தினார் பெரியப்பா பொன்னுதுரை. கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பார்வை மட்டும் நேராகச் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே கோகிலாவின் அக்கா சந்திரமதி, வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் குடையோடு நின்றிருந்தாள்.

"நான் தொடல பெரியப்பா."

"தொடவா வேணும்? தாலியறுத்தவ நெழலு பட்டாப் போதும்."

சந்திரமதி குடையைச் சாத்தி வைத்துவிட்டு வந்தாள். ஒரு நெல்லைக் கிளறி எடுத்து நகத்தால் உரித்தாள். உள்ளே அரிசி மஞ்சளாக, கண்ணாடி போல இறுகியிருந்தது.

"எங்க வாங்குனீங்க?"

"தெங்கேரா மில்லுல. எதுக்குக் கேக்குற?"

"இது அவிச்ச நெல்லு. புழுங்கலரிசிக்கு வேக வச்சுக் காயப் போட்டது. இதுல அந்த முருகனே வந்து கை வச்சாலும் முளைக்காது."

கோகிலா களுக்கென்று சிரித்துவிட்டாள். பண்டார் ஹிலிர் திடலில் நடந்த சுதந்திரக் கூட்டத்தில் தொண்டை கிழிய "மெர்டேக்கா" கத்தியவர் பொன்னுதுரை. அவர் முகம் கறுத்தது. "படிச்ச திமிரு லா இது!"

சந்திரமதி குடையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினாள்.

நான்கு வருடங்களுக்கு முன் கணவன் காய்ச்சலில் போனான். அதன் பிறகு அவள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். குலைநோய் வந்தால் கதிர் கழுத்து ஒடிந்து பதராகும். அந்த நோய்க்கு அசையாத முரட்டு ரகம் ஒன்று இருந்தது. அதன் சோறு வாயில் வைக்க விளங்காது. அதன் தாங்கும் குணத்தை நல்ல சோற்று ரகத்துக்குக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. பூவின் நுனியைக் கத்தரிப்பாள். உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவிக் காகிதக் கூடு மாட்டுவாள். வயலில் வேலை செய்யும் மலாய்க்காரர்கள் அவளை "மாக் அண்டாம்" என்று கேலி செய்வார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்பவளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

முதல் போகத்தில் அவள் கூடு மாட்டிய பூ ஒன்றுகூட மணி பிடிக்கவில்லை. அன்று அவளும் தன் கையைப் பார்த்தாள். வீட்டில் சொல்வது போலத்தானோ என்று நினைத்தாள். அப்படி நினைக்க வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. இந்த வருடம் சுற்றிலும் பாத்திகள் குலைநோயில் கருகிச் சாய்ந்தபோது, அவள் வரிசை ஒன்று மட்டும் பச்சையாக நின்று முற்றியது.

மாலையில் அம்மா ருக்மணி கிணற்றடிக்கு வந்து மெல்லக் கேட்டாள். "உங்க எடத்துல முளைக்கிற நெல்லு கெடைக்குமாடி?"

"கெடைக்கும். நான் வெளைய வச்சதே இருக்கு. கொண்டாந்தா, நானும் உக்காந்து தெளிக்கலாமா?"

"ஐயோ, அஞ்சு சுமங்கலிங்கதான் தெளிக்கணும்."

"ஒவ்வொரு மணியும் என் கை பட்டதும்மா."

பின்னாலேயே வந்த பொன்னுதுரை குரலைத் தாழ்த்தினார். "அது யாருக்குத் தெரியப் போவுது? நீ வாயத் தொறக்காம இரு. தங்கச்சி வாழ்க்கை."

தோஷம் கையில் இல்லை, வெளியே தெரிவதில்தான் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் விளங்கியது. கோகிலாவுக்காக, அதிகாரியிடம் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கி வந்தாள். ஐந்து சுமங்கலிகள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, குலவையிட்டுத் தெளித்தார்கள். அவள் பின்னறையில் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் காஜா பெராங்கில் இருந்த பெண் வீட்டுக்கு வந்தபோது ஐந்து சட்டியும் பச்சை பிடித்து நின்றன. மாப்பிள்ளையின் தாய் நாச்சியம்மை குனிந்து பார்த்து வியந்தாள்.

"சுமங்கலி கை ராசின்னா இதான்! எந்தூரு நெல்லுங்க?"

"ஊர்லேருந்து கப்பல்ல வரவழைச்சோம்," என்றார் பொன்னுதுரை.

பின்னறைக் கதவு திறந்தது. சந்திரமதி கூடத்தின் நடுவுக்கு வந்தாள்.

"கப்பல்ல வரலைங்க. நான் வெளைய வச்சது. புருசன் போன பெறகு, இந்தக் கையால."

நாச்சியம்மை சட்டியிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்தாள். ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போடி உள்ள!" என்றார் பொன்னுதுரை.

"தோஷம்னா இப்பவே பிடுங்கிப் போடுங்க. யாராவது வாங்க."

முளைத்து நிற்கும் பாலிகையைப் பிடுங்குவதா? அந்த அபசகுனத்தைச் செய்யும் கை அங்கே ஒருவருக்கும் இல்லை. நாச்சியம்மை மகனைப் பார்த்தாள். அவன் கோகிலாவைப் பார்த்தான். கோகிலா தலை குனியாமல் நின்றாள்.

யாரும் பிடுங்கவில்லை. யாரும் சந்திரமதியை உட்காரச் சொல்லவும் இல்லை. சுமங்கலிகளின் பாயை அவளே தன் பக்கம் இழுத்து விரித்து, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.